கார்த்திகையில் ஒரு வெயில் வாரம்

வெள்ளவத்தையில் நான் குடியிருக்கும் தொடர்மாடியின் பின்பக்கப் பல்கனியில், ஐப்பசி பிறந்துவிட்டால் உடுப்புக் காயப்போடுவது மணி பார்த்துச் செய்யும் வேலையாகிவிடும். காலை எட்டு மணிக்குப் போட்டதைப் பகல் ஒரு மணிக்குள் எடுத்துவிட வேண்டும். முற்பகல் முழுவதும் வெயில் எரிக்கும். கடற்காற்று ஈரத்தை நிலத்துக்குள் தள்ளிக்கொண்டு போகும். அவிசாவளைக்கும் அப்பால், இரத்தினபுரி மலைகளின் மேலே முகில்கள் கோபுரம் கோபுரமாக எழும்பும். இரண்டு மூன்று மணிக்குப் பிறகு உயரத்தில் வீசும் கிழக்குக் காற்று அவற்றை மேற்கே தள்ள, அலுவலகங்கள் விடும் நேரத்தில் கொழும்பு இடியும் மின்னலுமாக நனையும். இரண்டாவது இடைப்பருவக்காற்றுக் காலம் என்று பாடப்புத்தகம் சொல்லும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் அன்றாட நடப்பு இதுதான். கொழும்பின் சராசரி மழை ஒக்டோபரில் 350 மில்லிமீற்றர் அளவில் இருக்கும், நவம்பரிலும் 300ஐத் தாண்டும். ஜனவரியில் அது 60 அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே இந்த இரண்டு மாதங்களிலும் நனையாமல் வீடு சேர்ந்த மாலை எதுவும் இங்கே ஒரு சிறு பேறு.

சில ஆண்டுகளுக்கு முன், கார்த்திகை பிறந்த கையோடு, அந்த மணிக்கணக்குத் தேவைப்படாத ஏழெட்டு நாட்கள் தொடர்ந்து வந்தன. வங்காள விரிகுடாவில் உருவான தாழமுக்கம் ஒன்று இலங்கையை நெருங்காமல் ஆந்திரக் கரையை நோக்கிப் போயிருந்தது. அப்படிப் போகும் தாழமுக்கம் சுற்றுவட்டாரத்தின் ஈரத்தைத் தன்பால் இழுத்துக்கொண்டு போவதால், அதன் பின்னால் நம் வானம் சில நாட்களுக்கு வெறுமையாகிவிடுவதுண்டு. அந்த வாரம் கொழும்பு அப்படி இதமாக இருந்தது. விடியற்காலையில் வடக்கிலிருந்து மெல்லிய காற்று வந்தது. 23 பாகைக்கு இறங்கிய வெப்பநிலை ஏழு மணி வரையிலும் ஏறத் தயங்கியது. உடம்பில் ஒட்டிக்கொண்டே இருக்கும் புழுக்கம் காணாமற்போயிருந்தது. தென்மேற்குப் பருவக்காற்றின் கொந்தளிப்பெல்லாம் அடங்கிய கடல், மெரின் டிரைவ் ஓரக் கற்களில் சத்தமின்றித் தட்டிக்கொண்டிருந்தது. மாலையில் குடையில்லாமல் நடந்தேன். பழந்தமிழர் ஆண்டை ஆறு பருவங்களாக வகுத்தபோது ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றார்கள். குளிர்ந்த காற்றும் தூறலும் சேர்ந்து வருத்தும் பருவம் அது. அந்தக் கூதிரின் கடைசிப் பகுதியில், வருத்தம் எதுவுமின்றிக் குளிர் மட்டும் கிடைத்த ஒரு வாரமாக அது எனக்குப் பட்டது.

அப்போது நான் கொழும்பில் ஒரு செய்தி நிலையத்தின் தமிழ்ப் பிரிவில் பணியாற்றினேன். இப்போது இடம் மாறிவிட்டது, வேலை மாறவில்லை. பௌத்தாலோக மாவத்தையில், 1907இல் எழுந்த பழைய அவதான நிலையத்தின் வழிவந்த வளிமண்டலவியல் திணைக்களம் நாள்தோறும் மும்மொழிகளிலும் எதிர்வுகூறலை வெளியிடுகிறது. அதை அரை நிமிடத்துக்குள் வாசித்து முடிக்கக்கூடிய நாலைந்து வாக்கியங்களாகச் சுருக்குவது என் அன்றாடப் பொறுப்புகளில் ஒன்று. திங்கட்கிழமைகளில் அந்த வாரத்துக்கான பொதுப்போக்கையும் ஒரு வரியில் சேர்ப்போம். அந்தத் திங்கட்கிழமை நான் எழுதிய வரி இன்னும் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது: “இவ்வாரம் நாட்டின் பெரும்பாலான பகுதிகளில் சீரான காலநிலை நிலவும்.” எழுதி முடித்து, வாசிப்பவரிடம் தாளைக் கொடுத்துவிட்டு, மனநிறைவோடுதான் தேநீர் குடிக்கப் போனேன். மழையும் வெள்ளமும் மண்சரிவுமாகவே எழுதிக்கொண்டிருந்தவனுக்கு ஒரு நல்ல செய்தி எழுதக் கிடைத்திருந்தது.

மாமாவின் தொலைபேசி

பூநகரியில் இருக்கும் என் பெரிய மாமாவுக்கு மூன்று ஏக்கர் வயல் உண்டு. முழுவதும் மானாவாரி. வாய்க்கால் தண்ணீர் அங்கே வராது; கிளிநொச்சியில் இரணைமடுக் குளம் 36 அடி நிறைந்து வான் பாய்ந்தாலும் அவருடைய வரம்புக்குள் ஒரு துளியும் வந்து சேராது. வானத்தை நம்பிப் புரட்டாதியில் புழுதி விதைப்பு விதைத்து, ஐப்பசி மழையில் முளைத்ததைக் கார்த்திகை மழையில் வளர்த்து, மார்கழி ஈரத்தில் கதிராக்கி, தை மாசியில் வெட்டுவதுதான் அந்தப் பக்கத்துக் காலபோகம். மூன்றில் ஒரு ஏக்கரில் மொட்டைக்கறுப்பன் போடுவார். பூநகரி என்றாலே பலருக்கு நினைவுக்கு வரும் சிவப்பரிசி அது. புட்டுக்கும் கஞ்சிக்கும் அதற்கு ஈடு இல்லை என்பது என் அம்மாவின் தீர்ப்பு. மிச்சம் இரண்டு ஏக்கரிலும் விவசாயத் திணைக்களத்தின் குறுகிய வயது இனம் ஏதாவது ஒன்றைப் போடுவார்.

செவ்வாய் இரவு வழக்கம்போல அவருடன் கதைத்தேன். அம்மாவின் சுகம், அவருடைய முழங்கால் நோ, பேரப்பிள்ளையின் பரீட்சை என்று கதை ஓடி முடிந்தபின், விடைபெறும் முன் ஏதாவது நல்லது சொல்லவேண்டும் என்ற எண்ணத்தில், “இந்தக் கிழமை முழுக்கக் காலநிலை நல்லா இருக்குமாம் மாமா” என்றேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. தொலைபேசி துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். பிறகு, கோபமே இல்லாத குரலில் சொன்னார்: “ரேடியோவிலயும் நேற்று அப்பிடித்தான் வாசிச்சவங்கள் தம்பி. மழை வராது எண்டு சொல்லுங்கோவன். அதை ஏன் நல்லம் எண்டு சொல்லுறியள்?”

அந்த வரியை எழுதியவன் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார், அப்படிப்பட்டவர். “பயிர் எப்பிடி மாமா?” என்று கேட்டேன். “பன்ரண்டு நாளாச்சு ஒரு துளி விழுந்து. தவளைச் சத்தமும் இல்லை” என்றார். கார்த்திகை இரவில் வன்னியில் தவளைச் சத்தம் இல்லை என்பது எப்படிப்பட்ட அமைதி என்று அங்கே வளர்ந்தவர்களுக்குத் தெரியும். மாரித்தவளை போலக் கத்துகிறாய் என்று பிள்ளைகளை ஏசுகிற ஊர் அது. எங்கள் வீட்டுப் பேச்சில் ஆண்டுக்கு இரண்டே பருவங்கள், மாரியும் கோடையும். மாரி நடுவில் தவளை வாய் மூடிவிட்டதென்றால் வயலில் தண்ணீர் இல்லை என்று பொருள்.

அந்த இரவில் நான் சரியாகத் தூங்கவில்லை. அடுத்த வெள்ளி இரவு வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் ஏறி, விடியப் பரந்தன் சந்தியில் இறங்கி, பூநகரி பஸ்ஸைப் பிடித்தேன். போய் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெளிவில்லை. நான் எழுதிய வரி எந்த நிலத்தின் மேல் வாசிக்கப்பட்டது என்பதைப் பார்க்கவேண்டும் என்று மட்டும் தோன்றியது.

இலை சுருண்டிருந்த நேரம்

மாமா என்னைக் காலை ஆறரை மணிக்கு முதலில் வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பார்த்தவுடன் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. பயிர் முழங்காலுக்குக் கீழே, பச்சையாக, இலைகள் விரிந்து நின்றன. பனித்துளி கூட இருந்தது. “பரவாயில்லைப் போல இருக்கே மாமா” என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல், மண்ணைப் பார் என்பதுபோலக் கையைக் காட்டினார். வரம்போரத்தில் சேறு காய்ந்து ஐங்கோணமும் அறுகோணமுமாக வெடித்திருந்தது. வெடிப்புக்குள் என் சுண்டுவிரல் முதல் மூட்டு வரை இறங்கியது. நிற்கும் தண்ணீர் இல்லாத இடத்தில் கோரை நெல்லை விட வேகமாக எழும்பியிருந்தது. தண்ணீர் கட்டி நின்றால் முளைக்காமல் அமுங்கிக் கிடக்கும் களை, வயல் காய்ந்தால் முதலில் தலை தூக்கும் என்றார். கடலேரிப் பக்கத்து மூலையில் மண்ணின் மேல் வெள்ளையாக ஒரு படிவு இருந்தது. மழை கழுவிக்கொண்டு போகாவிட்டால் உவர் கீழேயிருந்து மேலே ஏறிவிடும்; அந்த மூலைப் பயிரின் இலை நுனிகள் அப்போதே கருகியிருந்தன.

பகல் பன்னிரண்டு மணிக்குத் திரும்பவும் கூட்டிக்கொண்டு போனார். காலையில் நான் பார்த்த அதே பயிர்தானா என்று ஐயப்படும்படி வயல் மாறியிருந்தது. ஒவ்வொரு இலையும் நீளவாட்டில் தன்னைத்தானே சுருட்டிக்கொண்டு ஊசிபோல நின்றது. வயலின் நிறமே பச்சையிலிருந்து சாம்பலுக்குத் திரும்பியிருந்தது. நெற்பயிருக்குத் தாகம் எடுத்தால் வெயில் படும் பரப்பைக் குறைத்து, இலை வழியே நீர் ஆவியாகாமல் தன்னைக் காத்துக்கொள்ள அது செய்யும் வேலை இது. இரவில் திரும்ப விரியும். விரிகிற வரைக்கும் உயிர் இருக்கிறது. ஒரு நாள் காலையில் விரியாமலே நின்றால் அதன்பின் மழை பெய்தும் பெரும் பயனில்லை. மாமா ஒரு பயிரை அடிமண்ணோடு கிண்டி எடுத்து, வேரை விரல்களால் உதிர்த்துக் காட்டினார். வேர் வெள்ளையாக இருந்தது. “இன்னும் ஒரு கிழமை தாங்கும்” என்றார். எவ்வளவு மழை வேண்டும் என்று கேட்டேன். “ஒரு உழவு மழை காணும்” என்றார்.

உழவு மழை என்பது ஏர் இறங்கும் ஆழத்துக்கு மண் நனைகிற மழை. அந்தச் சொல்லைச் சின்ன வயதில் நூறு தடவை கேட்டிருப்பேன், கொழும்புக்கு வந்தபின் மறந்தே போயிருந்தேன். நான் நாள்தோறும் எழுதும் மில்லிமீற்றர் அளவை அந்தப் பொழுதில்தான் முதன்முறையாக ஒரு வயலின் மேல் வைத்துக் கணக்குப் பார்த்தேன். ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர் தண்ணீர். ஏக்கர் என்பது 4,047 சதுர மீற்றர். ஆக, செய்தியில் நாம் மிக எளிதாகச் சொல்லிவிட்டுப் போகும் 25 மில்லிமீற்றர், ஒரு ஏக்கரில் ஒரு லட்சம் லீற்றருக்கு மேல். மாமாவின் மூன்று ஏக்கருக்கும் மூன்று லட்சம். அதைக் கொடுக்க எந்தப் பவுசராலும் முடியாது, எந்தக் கிணறும் தாங்காது. வானம் ஒரே பின்னேரத்தில் கொடுத்துவிடும். அந்தப் பின்னேரம் வரப்போவதில்லை என்பதைத்தான் நான் “சீரான” என்று எழுதியிருந்தேன்.

சீர் என்ற சொல்

திரும்பும் பஸ்ஸில் என்னை வாட்டியது அந்தச் சொல்தான். தமிழில் சீர் என்பது சிறிய சொல்லன்று. ஒழுங்கு, செழிப்பு, சிறப்பு எல்லாம் அதற்குள் இருக்கின்றன. செய்யுளில் அடியை அளப்பது சீர்; சீரோடும் சிறப்போடும் வாழ் என்று பெரியவர்கள் வாழ்த்துவார்கள்; நோயாளி தேறினால் உடல்நிலை சீராகிவிட்டது என்கிறோம். ஆகவே ஒரு நாளின் வானத்தைச் சீரானது என்று சொல்லும்போது, அது இருக்கவேண்டியபடி இருக்கிறது என்று நாம் சான்று கொடுக்கிறோம். மறுபக்கத்தில், மழை பெய்தால் நம் செய்திகளின் முதற்சொல் “சீரற்ற காலநிலை காரணமாக” என்பதாகவே இருக்கும். பாடசாலை மூடினாலும், ரயில் பிந்தினாலும், மரக்கறி விலை ஏறினாலும் அதே தொடர். (வானிலையைக் காலநிலை என்று எழுதுவது தனிப் பிழை. ஒரு கிழமையின் வெயில் மழையைப் பற்றிப் பேச வானிலை என்ற சொல் இருக்கிறது. முப்பது ஆண்டுகளின் சராசரியைப் பேசும்போதுதான் காலநிலை வேண்டும். எனினும் இந்த நாட்டில் அந்த வேறுபாடு பேச்சில் கரைந்து நெடுநாளாகிவிட்டது. நானே அந்த வரியில் அப்படித்தான் எழுதியிருந்தேன்.)

வடக்கிலும் கிழக்கிலும் கார்த்திகை மாதத்தின் சீர் என்பது மழை. யாழ்ப்பாணத்தில் ஓராண்டு பெய்வதில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் பெய்துவிடும். அந்த மூன்று மாதங்கள் தவறினால் ஆண்டின் மிச்சத்தில் ஈடுசெய்ய வழியில்லை. கொழும்புக்குத் தென்மேற்குப் பருவக்காற்றும் இருக்கிறது, இரண்டு இடைப்பருவங்களும் இருக்கின்றன. இங்கே ஒரு வாரம் காய்ந்தால் குழாய்த் தண்ணீர் குறையாது. “கார்த்திகைக்குப் பிறகு மழையுமில்லை, கர்ணனுக்குப் பிறகு கொடையுமில்லை” என்று சொல்லிவைத்தவர்கள் கார்த்திகை மழையைக் கொடை என்றே கண்டார்கள். அந்தக் கொடை நின்றுபோன வாரத்தைச் சீரான வாரம் என்று எழுத என்னால் எப்படி முடிந்தது? நான் வெள்ளவத்தையின் பல்கனியிலிருந்து வானத்தைப் பார்த்தேன். “நாட்டின் பெரும்பாலான பகுதிகளில்” என்று எழுதினேன். உடுப்புக் காய்வதையும் பயிர் காய்வதையும் ஒரே சொல்லால் வாழ்த்திவிட்டேன்.

இதை எழுதும்போது எதிர்ப்பக்கத்தையும் நேர்மையாக எண்ணிப் பார்க்கிறேன். களனி கங்கையின் கரையோரம் வெல்லம்பிட்டியவிலும் கொலன்னாவையிலும் குடியிருப்பவர்களுக்கு நவம்பரின் ஒரு வெயில் வாரம் உண்மையான பெரும் நிம்மதி. 2010 நவம்பரில் ஒரே இரவில் கொழும்பில் 400 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டியபோது கோட்டேயிலுள்ள பாராளுமன்ற வளாகமே தண்ணீரில் நின்றது. தாழ்நிலத்துச் சிறு வீடுகளின் கதையைச் சொல்லவேண்டியதில்லை. புறக்கோட்டை நடைபாதையில் உடுப்பு விற்பவருக்கும், நாட்கூலிக்குப் போகும் மேசனுக்கும் மழை பெய்யாத ஏழு பின்னேரங்கள் ஏழு நாட் சம்பளம். அவர்களுடைய நிம்மதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வடக்குக்கும் எல்லா மழையும் கொடையாக வருவதில்லை. 2008 நவம்பரில் நிஷா சூறாவளி யாழ்ப்பாணத்தையும் வன்னியையும் மூழ்கடித்தபோது அந்தக் கார்த்திகையின் வயல்கள் ஏரிகளாகக் கிடந்தன. ஆகவே மழை நல்லது, வெயில் கெட்டது என்று சொற்களைத் தலைகீழாக மாற்றி எழுதுவதாலும் பயனில்லை. நல்லதா கெட்டதா என்ற தீர்ப்பு கேட்பவரின் நிலத்தில் இருக்கிறது. எங்கே, எப்போது, எவ்வளவு என்பதை மட்டும் துல்லியமாகச் சொல்லிவிட்டால் தீர்ப்பை அவரவர் செய்துகொள்வார்கள்.

இந்தப் பழக்கத்தால் வரும் இன்னொரு கேட்டைப் பின்னர்தான் முழுதாக உணர்ந்தேன். ஒவ்வொரு சாதாரண மழைக்கும் சீரற்ற என்று எழுதிக்கொண்டிருந்தால், உண்மையான ஆபத்து வரும் நாளில் சொல்வதற்குச் சொல் மிஞ்சாது. 2025 நவம்பர் 28ஆம் திகதி டித்வா சூறாவளி கரையேறி, கண்டி, பதுளை, நுவரெலியா மலைச்சரிவுகள் இடிந்து, 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த நாட்களிலும் என் முன்னால் வந்த பல வரைவுகள் “நிலவும் சீரற்ற காலநிலை காரணமாக” என்றே தொடங்கின. அதற்கு முந்திய மாதம் ரயில் இருபது நிமிடம் பிந்தியதற்கும் அதே சொற்கள்தான் போயிருந்தன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையைப் படிப்படியாக உயர்த்துகிறது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் ஒரு நிலை, 100 தாண்டினால் அடுத்தது, 150 தாண்டினால் வெளியேறும் நிலை. அந்த எண்களுக்கு உயிர் காக்கும் பொருள் இருக்கிறது. லயத்து வீடொன்றில் பிள்ளைகளோடு இருக்கும் தாய்க்கு அவற்றைத் தெளிவாகச் சொல்லவேண்டிய அரை நிமிடத்தை, தேய்ந்துபோன ஒரு தொடரில் செலவழிப்பது எனக்குப் பொறுக்க முடியாததாகத் தோன்றியது.

பிறகு எழுதிய வரிகள்

பூநகரியிலிருந்து திரும்பிய திங்கட்கிழமை, “வடக்கு, வடமத்திய, கிழக்கு மாகாணங்களில் வியாழக்கிழமை வரை மழை பெய்யும் வாய்ப்பு மிகக் குறைவு. மானாவாரிப் பயிர்ச்செய்கையாளர்கள் இதைக் கருத்திற்கொள்ளவும். மேல் மாகாணத்தில் மழையற்ற வானிலை தொடரும்” என்று எழுதிக் கொடுத்தேன். பொறுப்பாசிரியர் தாளைப் பார்த்துவிட்டு, இது நீளம், “சீரான” என்றால் எல்லாருக்கும் விளங்கும் என்றார். நான் வயலில் பார்த்ததைச் சொன்னேன். மதிய நேரத்தில் இலை சுருண்டு நின்றதைச் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். அவருடைய தகப்பனாரும் கமக்காரர் என்பது எனக்கு அதற்கு முன் தெரியாது. அந்த வரி அப்படியே வாசிக்கப்பட்டது. அடுத்த நாட்களில் சில தடவை வெட்டப்பட்டது, சில தடவை போனது. ஒரு தடவை “மழையற்ற” என்பதை யாரோ திரும்பவும் “சீரான” என்று மாற்றியிருந்தார்கள். நான் மறுபடி மாற்றினேன். பெரிய போராட்டம் எதுவும் நடக்கவில்லை. ஒரு சொல்லை நாள்தோறும் கவனித்துக்கொண்டிருப்பதுதான் வேலை.

அதோடு நானும் கொஞ்சம் படிக்கத் தொடங்கினேன். மாரி நடுவே இப்படிக் காய்ந்த இடைவெளி ஏன் வருகிறது என்ற கேள்விக்கு, எனக்குக் கிடைத்த விடைகளில் மிகவும் பிடித்தது மேடன்–ஜூலியன் அலைவு. 1971இல் ரோலண்ட் மேடனும் பால் ஜூலியனும் விவரித்த இந்த அலைவில், மழைமுகில் கூடிய ஒரு பெரும் பரப்பும் அதைத் தொடர்ந்து முகில் ஒடுங்கிய ஒரு பரப்பும், பூமத்திய ரேகையை ஒட்டிக் கிழக்கு நோக்கி நகர்கின்றன. ஒரு சுற்று முடிய 30 முதல் 60 நாட்கள் வரை எடுக்கும். முகில் ஒடுங்கிய பாதி இந்தியப் பெருங்கடலின் மேல் வரும் நாட்களில் நமக்கு மழை தணிகிறது. மறுபாதி வரும்போது தாழமுக்கங்கள் உருவாக வழி பிறக்கிறது. இதைப் புரிந்துகொண்டபின் கார்த்திகையின் வெயில் வாரம் எனக்குப் புதிராக இல்லை. அது மாரிக்குள்ளேயே அடங்கிய ஒரு மூச்சுவிடல்; எத்தனை நாள் நீளும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லவும் முடியும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறையைச் சேர்ந்த நாகமுத்து பிரதீபராஜா வடக்கு, கிழக்கு மக்களுக்காகத் தமிழில் எழுதிவரும் வானிலைக் குறிப்புகளை மாமாவின் ஊரில் பலர் தொலைபேசியில் பகிர்ந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். எந்த நாளில், எந்தப் பகுதியில் என்று அவர் பிரித்துச் சொல்வதால்தான் கமக்காரர்கள் அவற்றைத் தேடிப் படிக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

அந்த ஆண்டு மாமாவுக்கு மழை ஒன்பது நாள் கழித்து வந்தது. உவர் ஏறிய மூலை போய்விட்டது. களை பிடுங்க இரண்டு முறை கூலி கொடுக்க வேண்டி வந்தது. மொட்டைக்கறுப்பன் மட்டும் அந்தத் தாகத்தைத் தாங்கிக்கொண்டு எழும்பியது. விளக்கீட்டுக்கு முதல் நாள் இரவு அவர் தொலைபேசி எடுத்து, ஒன்றும் சொல்லாமல் அதை முற்றத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். தகரத்தில் மழை விழும் சத்தமும், அதற்கும் மேலாகத் தவளைகளின் சத்தமும் கேட்டன.

இந்த ஆண்டும் கார்த்திகையில் அப்படி ஒரு வாரம் வந்திருக்கிறது. கொழும்பில் விடியல் குளிர்ச்சியாக இருக்கிறது. பல்கனியில் உடுப்பு மாலை வரை கிடக்கிறது. நேற்று எழுதிய வரியில், வடக்கில் புதன்கிழமை வரை மழைக்கு வாய்ப்பில்லை என்றும், வியாழன் பிற்பகலிலிருந்து சில இடங்களில் 50 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை எதிர்பார்க்கப்படுகிறது என்றும் குறிப்பிட்டிருந்தேன். இரவு மாமா எடுத்தார். “வியாழன் எண்டு வாசிச்சவங்கள், மெய்யோ?” என்று கேட்டார். பெரும்பாலும் மெய்தான், ஆனால் சில இடங்களில் என்றுதான் இருக்கிறது, பூநகரி என்று இல்லை என்றேன். “அது காணும். அப்ப புதனே யூரியாவை வேண்டி வைக்கிறன். பெய்தா வெள்ளி விடிய எறியலாம், பெய்யாட்டி மூட்டை கிடக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, அம்மாவிடம் தொலைபேசியைக் கொடுக்கச் சொன்னார்.